சாலைக்கு வந்த பிள்ளையார்

அது ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை மாலை. எனக்குத் தேதி மறப்பது அபூர்வம்; அன்றையது மறந்துவிட்டது. தக்காளி ஏற்றிய என் மினி லாரி கிளம்பவில்லை. சேலம் மார்க்கெட்டுக்கு நேரத்தில் போகாவிட்டால் சரக்கு வீண். பேட்டரியைக் கழற்றி, அரூரில் சார்ஜ் போடும் கடைக்குத் தூக்கிப் போனேன்.

கடைக்காரர் குள்ளமானவர், சட்டையெங்கும் ஆசிட் தின்ற ஓட்டைகள். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே சார்ஜரை அணைத்தார். சுவரிலிருந்த பிள்ளையார் படத்தை எடுத்துப்போய்ச் சாலையோரம் வைத்துக் கற்பூரம் ஏற்றினார்.

“பூஜையை உள்ளயே பண்ணக் கூடாதுங்களா?” என்றேன்.

“சார்ஜ் ஏறுறப்ப பேட்டரியில கேஸ் வருங்க. நெருப்பு பட்டா வெடிச்சிரும்.”

“அதான் சாமியே வெளிய வந்துட்டாருங்களே. சார்ஜரை ஏன் நிறுத்துனீங்க?”

“மொதலாளி ரோட்டுல நிக்கறப்ப உள்ள வேலை ஓடலாமுங்களா?”

கற்பூரம் அணைந்ததும் படத்தை மாட்டினார். துண்டால் அறையை விசிறிவிட்டு, பேட்டரியில் மாட்டியிருந்த கிளிப்புகளை அழுத்திப் பார்த்து, பிறகுதான் சுவிட்சைப் போட்டார். தக்காளி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போது வீட்டில் பேட்டரிக்குச் சார்ஜ் போட்டால் ஜன்னலைத் திறக்கிறேன். முருகன் படத்தையும் வெளியே வைக்கிறேன்.

“கற்பூரமே ஏத்தல, படம் எதுக்குங்க வெளிய?” என்கிறாள் மனைவி.

எனக்கும் தெரியவில்லை.