சபீனா போடும் முதல் கோடு

மைதாப் பசை கிளறிக்கொண்டிருக்கிறாள் சபீனா, இடது கையால். ஹைதராபாத் மௌலா அலியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அடுப்பில் ஏறும் முதல் சட்டி இதுதான், தோசைக்கல் பிறகு. கடைப் பசையை அவள் நம்புவதில்லை. "எந்தப் புள்ள எப்ப நக்கும்னு யாரு கண்டா? இதுன்னா வயித்துக்குள்ள போனாலும் ஒண்ணும் பண்ணாது." கரண்டி அடிப்பிடிக்காமல் சுற்றுகிறது. வலது கை துப்பட்டாவுக்குள் மடங்கி இடுப்போடு ஒட்டியிருக்கிறது. பிறவியில் அவள் இடதுகைக்காரி இல்லை.

சோபாவைச் சுவரோரம் தள்ளி, பழைய பெட்ஷீட் விரித்ததும் அவள் ஹாலுக்குப் படம் பழகக் குடும்பங்கள் வரத் தொடங்கும். பிள்ளையை விட்டுவிட்டு அப்படியே நழுவிப் போகிற வேலை இங்கே நடக்காது. அம்மாவோ அப்பாவோ தரையில் உட்கார வேண்டும். குடும்பத்துக்கு ஒரே தாள். பிள்ளை செய்வதைத் திருத்தக் கூடாது. "இது என்னது?" என்று கேட்கவே கூடாது. கேட்ட அப்பா ஒருவர் மூக்கில் நீல வண்ணத்தோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

அவள் கணவர் நூர் முகமது போவன்பள்ளிச் சந்தையில் வாங்கிவரும் முற்றல் வெண்டைக்காய்தான் அச்சு. குறுக்கே நறுக்கி, வண்ணத்தில் தோய்த்து அழுத்தினால் பூ. எதிர் பிளாக் கணேஷ்குமார் கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை. அந்தப் பூக்களை வரிசை பிசகாமல் கட்டம் கட்டி வைப்பார்.

"ஏன் தம்பி, வெண்டைக்கா என்ன பள்ளிக்கூடத்து அசெம்ப்ளிக்கா நிக்குது?" என்பாள் சபீனா.

"கொஞ்சம் நீட்டா இருக்கட்டும்னுதானுங்க்கா..."

"ஒங்க மவ நீட்டாவா பொறந்தா? கத்திக்கிட்டுத்தான பொறந்தா? கொஞ்சம் கலைய விடுங்க."

அவர் மனைவி மஹதி இதுதான் சமயமென்று அவர் சட்டைக் காலரிலேயே ஒரு பூவைக் குத்திவிடுவாள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சடங்கு இருந்தது. ஒவ்வொரு தாளையும் கொடுக்கும்போது சபீனா தூரிகையை நனைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே இழுப்பில் ஒரு கோடு போட்டுத் தருவாள். "வெள்ளத் தாளப் பாத்துப் புள்ள பயப்படாது. பெரியவங்கதான் பயப்படுதிய. அதான் நானே கெடுத்துத் தாரேன்." அந்தக் கோட்டைச் சாலையாக்குவார்கள், துணி காயப்போடும் கயிறாக்குவார்கள், ரயில் பாதையாக்குவார்கள். குடும்பம் பேசிக்கொள்ளத் தொடங்க அந்த ஒரு கோடு போதும்.

நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கோடு நேராக வரவில்லை. நடுவில் சின்னச் சின்ன அலை. பிள்ளைகள் அதைக் கடலாக்கிக் கப்பல் விட்டார்கள். வாரம் போகப் போக அலை பெரிதானது. பிறகு ஒருநாள் தூரிகையைத் தொடாமலே சொன்னாள்: "இனிமே முதல் கோட்ட நீங்களே போடுங்க." வண்ணம் ஊற்றுவது, தாள் வெட்டுவது எல்லாம் பிள்ளைகளிடமே போனது. அவர்கள் கொட்டினார்கள், துடைத்தார்கள், மறுபடி கொட்டினார்கள். "இதுதானுங்க சரியான மெத்தட்," என்று கணேஷ்குமார் புதிதாக வந்தவர்களுக்கு விளக்கினார். பொய்யில்லை, வகுப்பு முன்னைவிட நன்றாகத்தான் நடந்தது. சபீனா துப்பட்டாவுக்குள் கையை வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள்.

அவள் வீட்டில் இப்போதெல்லாம் டம்ளருக்குக் கீழே சாசர் வருவதில்லை. இருந்த சாசர்கள் அனைத்தும் வண்ணம் குழைக்கும் தட்டுகளாகிவிட்டன. மேலப்பாளையத்தில் செருப்புக்கடை வைத்திருந்த தன் வாப்பாவைப் பற்றி அவள் எல்லோரிடமும் ஒரு கதை சொல்வாள். "எங்க வாப்பா டீ குடிச்சா தெருவுக்கே கேக்கும். டம்ளரும் சாசரும் கிணுகிணுன்னு அடிச்சிக்கிடும். கேட்டா, சூடு தாங்கலம்மான்னுவாங்க." எல்லோரும் சிரிப்பார்கள். கதை அங்கேயே நின்றுவிடும்.

மீதியை ஒருநாள் மாடிப்படியில் என்னிடம் சொன்னாள். கடைசிக் காலத்தில் வாப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது அவள்தான். சோறு ஊட்டியதும் அவள்தான். ஊட்டும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொள்வாராம். இந்தக் கையை டாக்டரிடம் காட்டலாமே என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இப்ப இது வெறும் கை. அவங்க ஒரு பேரு வச்சிட்டா அப்புறம் போவாதுல்லா. கை நடுங்குதவகிட்ட எவ புள்ளைய விடுவா? எங்க வீட்டு அவுகளுக்கு இன்னும் தெரியாது. சொல்லிராதிய."

தெரியாமல் வைத்திருப்பதே ஒரு முழுநேர வேலை. தலைத்துணிக்கு ஊக்குக் குத்தும்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நூர் முகமது சாப்பிட உட்கார்ந்தால் குழம்பை அள்ளி ஊற்றுவதில்லை. கிண்ணத்தோடு அவர் பக்கம் நகர்த்தி வைக்கிறாள். அவர் குளிர்ந்த தண்ணீர் கேட்டால் பாட்டிலோடு போகிறது. "என்ன, ஹோட்டல் மாதிரி ஆயிட்டு?" என்று அவர் சிரித்தபோது அவளும் சிரித்தாள், கொஞ்சம் கூடுதலாக.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் சந்தையிலிருந்து வரத் தாமதம். கணேஷ்குமாரின் ஏழு வயது மகள் ஹம்ஸினி தாளைத் தூக்கிக்கொண்டு சபீனாவின் முன்னால் வந்து நின்றாள். தமிழ் புரியும், வாயைத் திறந்தால் ஹைதராபாத் இந்திதான்.

"நக்கோ ஆண்ட்டி, ஹம் நை டால்தே. ஆப்கா வோ ஹில்தா ஸோ லைன் ஹோனா."

"நீங்க போடுவீங்கள்ல, அந்த ஆடற கோடு, அதுதான் வேணுமாங்க்கா," என்றாள் மஹதி. "நாங்க போட்டா நேரா வருதாம். நல்லாவே இல்லையாம்."

"இன்னைக்கு வேண்டாம் தங்கம். அப்பா போட்டுத் தருவாரு."

"போடுங்க்கா," என்றார் கணேஷ்குமார். "அது உங்க ஸ்டைலுங்க்கா. யாருக்கும் வராது."

சபீனா எழுந்துவிடப் பார்த்தாள். அதற்குள் ஹம்ஸினி துப்பட்டாவை விலக்கி அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்து, தூரிகையை அதில் திணித்துவிட்டாள்.

கை தனியாக ஆடிக்கொண்டிருந்தது. வண்ணத்தைத் தொடப்போன தூரிகையின் காம்பு சாசர் விளிம்பில் கிணுகிணுவென்று அடித்தது. மஹதி கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். சபீனா உதட்டைக் கடித்துக்கொண்டு கோட்டை இழுத்தாள். அது மேலேறி, சரிந்து, தாளைத் தாண்டி பெட்ஷீட்டில் போய் முடிந்தது.

"ஹவ்! ஏஹிச்!" ஆமாம், இதேதான் என்று குதித்தாள் ஹம்ஸினி.

வாசலில் வெண்டைக்காய்ப் பையோடு நூர் முகமது நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் இருந்தவர். அந்தச் சத்தம் அவருக்குப் பழக்கம். செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து, பையைக் கீழே வைத்தார்.

"சபீனா. மாமாவுக்கு வந்தது மாதிரியா இது?"

அவள் தூரிகையைச் சாசரில் வைத்தாள். அது உருண்டு தாளில் விழுந்தது.

"எப்பலேருந்து புள்ள?"

பசை பாதிகூடத் தீரவில்லை. சபீனா குனிந்து சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், கால்களுக்கும் தாள்களுக்கும் இடையில் வழிபார்த்துச் சமையலறைக்குள் போனாள். உள்ளே செருகியிருந்த கரண்டி விளிம்பில் கிணுகிணுத்துக்கொண்டே கூடப் போனது.