மேடு ஏறாத லாண்டிரி வேன்

அவனுடைய இளமை முழுக்க ரேஸ் கார் ஷெட்டில் போனது. என்ஜின் சத்தத்தை வைத்தே எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லிவிடுவான். அதனால் வால்வைத் தள்ளும் பாகத்தின் பெயரான ‘டேப்பட்’ அவனுக்கு ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த பெயரை அவன் மனைவியே மறந்துவிட்டாள்.

அவன் அக்கா லாண்டிரி நடத்துகிறாள். துவைத்த துணியை மேட்டின் உச்சியில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மூட்டைகளை ஏற்றினால் அவளுடைய பழைய வேன் முதல் கியரில்கூட முக்கி முனகித்தான் ஏறும்.

“இதை விக்க மனசு வரலடா. நீயே ஏதாவது பண்ணு,” என்றாள்.

டேப்பட்டுக்குக் கை பரபரத்தது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாப்டைக் கழற்றி, ரேஸ் காருக்கான ஒன்றை மாட்டினான். ஸ்பிரிங்குகளையும் பலமானவையாக மாற்றினான். வெறும் வண்டியைச் சமதளத்தில் ஓட்டிப் பார்த்தபோது அது பறந்தது. வாயெல்லாம் பல்லாக அக்காவிடம் சாவியைக் கொடுத்தான்.

மறுநாள் வேன் பாதி மேட்டில் குலுங்கி நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரனை அழுத்த, அக்கா பின்பக்கமாகவே கீழே இறக்கி, நேராக அவன் ஷெட்டுக்கு வந்தாள். திட்டவில்லை.

“மூட்டையெல்லாம் அப்படியேதான் இருக்கு. இப்ப நீ ஓட்டு,” என்று பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

மேட்டில் வேகம் குறைந்ததும் இழுவை செத்தது. ரேஸ் காரில் என்ஜின் எப்போதும் அலறிக்கொண்டே இருக்கும்; அந்த கேம் அப்போதுதான் பலம் தரும். சுமை வண்டிக்கு மெதுவாகப் போகும்போதுதான் பலம் வேண்டும். தெரிந்த விஷயம்தான். ஆசையில் கோட்டைவிட்டிருந்தான்.

“கேமை மாத்தணும்க்கா.”

“எதை மாத்தணும்னா கேட்டேன்? எப்ப ஏறும்?”

“அடுத்த வாரம்.”

இந்த முறை குறைந்த வேகத்திலும் இழுவை கிடைக்க, வால்வு சீக்கிரம் மூடும்படியான கேமைத் தேடிப் பிடித்தான். வால்வுகளை அழுத்தும், தேய்ந்திருந்த ராக்கர்களை மாற்றி, வால்வு இடைவெளிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். மூட்டைகளோடு தானே மேடேறிப் பார்த்த பிறகுதான் வேனைக் கொடுத்தான். இரண்டாம் கியரிலேயே ஏறியது.

ஆனால் சமதளத்தில் பழைய ஓட்டம் இல்லை. அக்காவுக்கு அதிலும் ஒரு குறை.

“நேர் ரோட்டுல சைக்கிள்காரன் என்னை முந்திட்டுப் போறான்டா.”

“போகட்டும் விடு. அவன்கிட்ட மூட்டையா இருக்கு?” என்றான் டேப்பட்.

அக்கா சிரித்துவிட்டு வேனைக் கிளப்பினாள்.