கந்தளாய் வீதியில் இரண்டு மஞ்சள் விளக்குகள்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு தை மாதத்தில் திருகோணமலையில் எனக்கு நடந்த சம்பவம் இது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வெருகல் பக்கக் கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, அன்புவழிபுரத்தில் ஒரு தகரக் கொட்டிலில் வாகனங்களுக்கு வயரிங் வேலை செய்துகொண்டிருந்தேன். மீன்பிடி வள்ளங்களின் பற்றரியிலும் எஞ்சினிலும் பழகிய கை. எந்த வாகனம் வந்தாலும் "ஏலாது" என்று சொல்லி அனுப்பியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஒரு பெண் டொக்டர் சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தார். இங்கிலாந்தில் செய்த பழைய கார். இரண்டே இரண்டு சீற், தரையோடு தரையாகப் பதிந்து ஓடும். அவருடைய மாமா ஒரு காலத்தில் மலைநாட்டில் பந்தயம் ஓடிய கார் அது. டிராக்டரும் இராணுவ ட்ரக்கும் ஓடும் எங்கள் வீதிகளில் அந்தக் கார் போனால் சிரிக்காதவர்கள் குறைவு. "சிவப்புத் தவளை" என்றுதான் ஊரில் பெயர். டொக்டர் அதையெல்லாம் காதில் வாங்குவதில்லை.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை சனிக்கிழமை காலையில் இராணுவம் பாதையைத் திறந்தவுடன் அவர் கண்டிக்குப் புறப்படுவார். தாயும் நான்கு வயது மகனும் அங்கே இருந்தார்கள். தை மாதத்தில் கப்பல்துறை தாண்டினால் கந்தளாய் வரைக்கும் பனிப்புகார் பால் ஊற்றியதுபோல் கிடக்கும். வீதியின் ஓரத்தில் கண்ணிவெடி இருக்கலாம் என்ற பயத்தில் எவரும் தார் வீதியை விட்டுச் சக்கரத்தை இறக்குவதில்லை. போதாக்குறைக்கு, இடையிடையே சோதனைச் சாவடிகள்.

"தம்பி, முன்னுக்கு ரெண்டு பொக் லைட் போட்டுத் தர ஏலுமா? போன முறை ஒரு எருமையில மோதாம மட்டுமட்டாத் தப்பினனான்" என்று ஒரு நாள் டொக்டர் வந்து கேட்டார்.

"இதென்ன டொக்டர், ரெண்டு நாளில முடிச்சுத் தாறன்."

உண்மையில் அதற்கு முன் பனிப்புகாருக்கென்று பூட்டும் இந்தப் பொக் லைட் ஒன்றையும் நான் கையால் தொட்டது கிடையாது. கடற்கரையில் வளர்ந்தவனுக்குப் பனிப்புகாரே புதிது. அதை நான் சொல்லவில்லை. பனிக்குள் தெரியாவிட்டால் இன்னும் வெளிச்சம் வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். உடைந்த லொறி ஒன்றிலிருந்து இரண்டு பெரிய விளக்குகளைக் கழற்றி, இருந்ததிலேயே கூடிய பல்பைப் போட்டு, பம்பருக்கு மேலே நேராகப் பார்க்கும்படி பூட்டினேன். போட்டுப் பார்த்தபோது எதிர் மதில் வெள்ளையடித்ததுபோல் மின்னியது. பார்த்தவர்கள் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். டொக்டர் மட்டும் காரைச் சுற்றி வந்து, "இது பனிக்குள்ள சரிவருமா எண்டு பார்த்தனீங்களா?" என்று கேட்டார்.

"நாளைக்குக் காலமை நானே ஓடிக் காட்டுறன், நீங்கள் பக்கத்தில இருந்து பாருங்கோ" என்றேன்.

அடுத்த நாள் பாதை திறந்ததும் புறப்பட்டோம். கப்பல்துறையை நெருங்கும்போது புகார் எங்களை மூடியது. நான் பெருமையாகச் சுவிட்சைத் தட்டினேன். கண்ணுக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் எழும்பியது! அதுவரை மங்கலாகவாவது தெரிந்த வீதி அடியோடு காணாமல் போய்விட்டது. "தம்பி, நிப்பாட்டுங்கோ" என்றார் டொக்டர். நான் உடனே விளக்கை அணைத்திருக்க வேண்டும். வெட்கம் விடவில்லை. "இப்ப சரிவரும் டொக்டர்" என்று சொல்லி முடிப்பதற்குள் டமார் என்று ஒரு சத்தம். சோதனைச் சாவடிக்காக வீதியில் வைத்திருந்த பீப்பா ஒன்றை இடித்து உருட்டிவிட்டேன்.

அந்த நாட்களில் நிற்காமல் சாவடிக்குள் புகும் வாகனத்துக்கு என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். நாலு பக்கமும் சிங்களத்தில் கத்தும் குரல்கள், துவக்குகளை லோட் பண்ணும் சத்தம். விளக்கின் வெளிச்சத்தில் அவர்களுக்கு எங்களைத் தெரியவில்லை, எங்களுக்கு அவர்களைத் தெரியவில்லை. டொக்டர் இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு, தான் டொக்டர் என்று சிங்களத்தில் உரத்துச் சொல்லிக்கொண்டே இறங்கினார். என்னை இழுத்துத் தார் வீதியில் குப்புறக் கிடத்தினார்கள். முதுகில் துவக்கு முனை அழுத்தியது. என் வீண் வீம்பினால் ஒரு பிள்ளையின் தாயைச் சாகக் கொடுக்கப் பார்த்தேனே என்றுதான் அப்போது நினைத்தேன்.

கன்னத்தைத் தாரில் வைத்தபடி கண்ணைத் திறந்தேன். நம்பமுடியவில்லை. எல்லாம் தெரிந்தது. புகார் நிலத்தைத் தொடாமல் ஒரு முழ உயரத்தில் மிதந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே பீப்பாக்களின் அடிப்பாகம், சிப்பாய்களின் சப்பாத்துகள், வீதியின் வெள்ளைக் கோடு, தூரத்தில் உடம்பில்லாமல் நடந்து போகும் ஒரு நாயின் நாலு கால்கள்.

"டொக்டர்! தெரியுது டொக்டர்! கீழால எல்லாம் தெரியுது!" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

துவக்கு முனை இன்னும் அழுத்தியது. அவர்களுக்குப் பொறுப்பான கோப்ரல் ஓடி வந்தார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். "என்ன தம்பி, பைத்தியமா?" என்று கொச்சைத் தமிழில் கேட்டார். டொக்டர் தன் ஆஸ்பத்திரி அடையாள அட்டையைக் காட்டி, விளக்குப் பூட்டிய கதை முழுவதையும் சிங்களத்தில் சொன்னார். பிறகு கோப்ரல் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. துவக்கை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, எனக்குப் பக்கத்தில் அவரும் குப்புறப் படுத்துப் பார்த்தார். எழும்பிக் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"சரிதான். லைட் கீழ போடு. போட்டு நமக்கு வந்து காட்டு. காட்டாம இந்தக் கார் போக ஏலாது."

திரும்பி வரும்போது காரை டொக்டர்தான் ஓட்டினார். பாதி வழியில், "உண்மையைச் சொல்லுங்கோ, இதுக்கு முதல் பொக் லைட் போட்டிருக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை டொக்டர். பெரிய பிழை விட்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அப்ப ரெண்டு பேருமாச் சேர்ந்து படிப்பம்."

ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அன்றே அந்த விளக்குகளைக் கழற்றி எறிந்தேன். கிண்ணியாவில் பழைய வாகனங்களைப் பிரித்து விற்கும் முஸ்லிம் நானா ஒருவரிடம் மஞ்சள் கண்ணாடி போட்ட சிறிய விளக்குகள் ஒரு சோடி கிடைத்தன. அவற்றைப் பம்பருக்குக் கீழே, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் பூட்டினேன். காரின் ஹெட் லைட்டை அணைத்துவிட்டு இவற்றை மட்டும் எரிக்கத் தனிச் சுவிட்ச் வைத்தேன். காரின் பழைய டைனமோ இந்தச் சுமையைத் தாங்காமல் திணறியது. அதைக் கழற்றிவிட்டு, அதைவிடக் கூட மின்சாரம் தரும் ஓல்டனேற்றர் ஒன்றை ஒரு ஜப்பான் வான் வண்டியிலிருந்து எடுத்து, அதைப் பிடிக்கும் இரும்பை வெட்டி ஒட்டிப் பொருத்தினேன். திடீரென்று நிறுத்தினால் பின்னால் வருபவனுக்குத் தெரியவேண்டும் அல்லவா? அதற்காகப் பின்பக்கம் நடுவில் ஒரு சிவப்பு விளக்கு.

பிறகு தொடங்கியது உண்மையான வேலை. மூடிக்கிடந்த ஒரு நெல் ஆலையின் மதிலுக்கு முன்னால் மட்டமான தரையில் காரை இருபத்தைந்து அடி தள்ளி நிறுத்தி, விளக்கின் உயரத்துக்கு மதிலில் சோக்கட்டியால் ஒரு கோடு கீறினேன். அதற்கு நாலு அங்குலம் கீழே இன்னொரு கோடு. வெளிச்சத்தின் மேல் விளிம்பு இரண்டாவது கோட்டைத் தாண்டக்கூடாது. ஒரு விளக்கைச் சாக்கால் மூடிவிட்டு மற்றதைத் திருப்புவேன், பிறகு இதை மூடிவிட்டு அதை. எல்லாம் சரியென்று நினைத்த நேரம் டொக்டர் உள்ளே ஏறி உட்கார்ந்தார். காரின் பின்பக்கம் தாழ்ந்து, வெளிச்சம் கோட்டைத் தாண்டி மேலே ஏறியது! அவரை அப்படியே இருக்கச் சொல்லி, பெற்றோல் தாங்கியையும் நிரப்பி, பக்கத்துச் சீற்றில் என் பாரத்துக்கு மணல் மூட்டையும் வைத்து முதலிலிருந்து செய்தேன். இடது விளக்கைத் தாரின் இடது விளிம்பில் விழும்படி சற்றுத் திருப்பி வைத்தேன். மூன்று பின்னேரங்கள் எடுத்தன.

சனிக்கிழமை வந்தது. "கந்தளாய் வரைக்கும் நீங்களும் வாங்கோ" என்றார் டொக்டர். கப்பல்துறைச் சாவடிக்குப் போனால் அங்கே வாகனங்கள் வரிசையாக நின்றன. அப்படியொரு புகாரை நான் அதற்கு முன்போ பின்போ கண்டதில்லை. நீட்டிய கை தெரியவில்லை. வரிசையின் முன்னுக்கு எங்கள் ஆஸ்பத்திரி அம்புலன்ஸ். டொக்டர் இறங்கி ஓடினார், நானும் பின்னால் போனேன். உள்ளே தோப்பூரைச் சேர்ந்த எட்டு வயதுச் சிறுமி கிடந்தாள்; மரத்திலிருந்து விழுந்து தலைக்குள் இரத்தம் கசிகிறது என்று கண்டிக்கு அனுப்பியிருந்தார்கள். "மகள் கண்ணைத் திறக்கிறாள் இல்ல டொக்டர்" என்று தகப்பன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். அம்புலன்ஸ் சாரதி நல்ல மனிதர். ஆனால் ஒன்றும் தெரியாமல் தார் விளிம்பைத் தாண்டினால் எல்லோரும் முடிந்தோம் என்று அவர் சொன்னதும் நியாயம்தான்.

டொக்டர் பிள்ளையின் கண்களை ரோர்ச் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். முகம் மாறியது. "புகார் விலகும் வரைக்கும் இவள் தாங்கமாட்டாள்" என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "தம்பி, உங்கட லைட்டை நம்பலாமா?"

சோக் கோட்டை நினைத்தேன். "நம்பலாம் டொக்டர். ஆனால் மெதுவாத்தான் போகவேணும்."

கோப்ரல் என்னை அடையாளம் கண்டுகொண்டார். விளக்கை எரித்துக் காட்டினேன். குனிந்து பார்த்தவர் வயர்லெஸ்ஸை எடுத்து, மஞ்சள் வெளிச்சத்தோடு ஒரு சின்னக் கார் முன்னால் வருகிறது என்று அடுத்த சாவடிகளுக்கு அறிவித்தார்.

ஹெட் லைட்டை அணைத்துவிட்டு எங்கள் சிவப்பு விளக்கை மட்டும் பார்த்து வரும்படி அம்புலன்ஸ் சாரதியிடம் சொன்னேன். டொக்டர் ஓட்டினார். நான் இடது பக்கத்தால் தலையை வெளியே நீட்டி, தாரின் விளிம்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். "சரி... சரி... கொஞ்சம் வலம்... சரி." தலைக்கு மேலே வெறும் வெள்ளை. கீழே மட்டும் பாய் விரித்ததுபோல் மஞ்சள் வெளிச்சம், அதற்குள் ஒவ்வொரு கல்லும் தெளிவாக. ஓரிடத்தில் வெளிச்சத்தின் நுனியில் கறுப்பாக நாலைந்து குளம்புகள். "நிப்பாட்டுங்கோ!" டொக்டர் பிரேக்கை அழுத்தினார். வீதியில் நின்ற எருமைகள் ஆறுதலாக விலகிப் போயின. திரும்பிப் பார்த்தேன். எங்கள் சிவப்பு விளக்கைக் கண்டு அம்புலன்ஸ் போதிய தூரத்திலேயே நின்றிருந்தது.

சாவடிகளின் பீப்பாக்கள் ஒவ்வொன்றும் முப்பது அடிக்கு முன்பே தெரிந்தன. எங்களைக் கண்டவுடன் சிப்பாய்கள் கையை அசைத்து விட்டார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அப்படிப் போனோம். கந்தளாய் குளக்கட்டை அடைந்தபோது வெயில் அடித்து, புகார் சேலை உரிந்ததுபோல் விலகியது. அம்புலன்ஸ் ஹோர்ன் அடித்தபடி எங்களைத் தாண்டிப் பறந்தது. சாரதி கையை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே போனார்.

காரை ஓரங்கட்டியதும் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். பின்னால் பஸ், லொறிகள், வான்கள், ஒரு டிராக்டர். கப்பல்துறையில் நின்ற வரிசை முழுவதும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்திருக்கிறது. பதினான்கு வாகனங்கள். பஸ்சில் வந்தவர்கள் இறங்கி வந்து விளக்குகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். "இந்தத் தவளையே எங்களக் கூட்டிக்கொண்டு வந்தது?" என்று ஒருவர் கேட்க, டொக்டர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். சிரித்த கண்ணில் நீரும் வந்தது.

அன்று நான் பஸ்சில் திரும்பி வரும்போது கப்பல்துறையில் கோப்ரல் என்னை மட்டும் இறங்கச் சொன்னார். பஸ்சில் எல்லோரும் பயந்துபோனார்கள். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "பிள்ளை நல்லபடி கண்டி ஆஸ்பத்திரி போயிட்டுது. வயர்லெஸ்ல சொன்னாங்க. நல்ல லைட் தம்பி" என்று சொல்லி ஏற்றிவிட்டார். அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கே சத்திரசிகிச்சை நடந்தது. அடுத்த மாதம் மொட்டைத் தலையோடு தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு என் கொட்டிலுக்கு வந்து நின்றாள்.

யுத்த காலத்தைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் இழந்ததைத்தான் சொல்வோம், எனக்கும் அப்படிச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனாலும் என் பிள்ளைகள் கேட்கும்போது நான் முதலில் சொல்வது, பதினான்கு வாகனங்கள் ஒன்றை ஒன்று நம்பி, ஒரு சக்கரம்கூடத் தாரை விட்டு இறங்காமல் வெயிலுக்கு வந்து சேர்ந்த அந்தக் காலையைத்தான்.