வலப்பக்கம் வளையும் அட்டை

ஏழு லாரிகள். ஒரு டயர்க் கடை. வாலாஜாபாத் சாலையில் ஒரு எடைமேடை. கூடப்பிறந்தவர் என்று ஒருவர்கூடத் துணையில்லாமல் கட்டிய மூன்று மாடி வீடு. இரண்டாம் வகுப்பைத் தாண்டாத ஒருவன் செய்தவை இவை. மாகறலில் அடுத்தவன் வயலில் நாற்றுப் பறித்த கை இது. இன்றைக்குக் காஞ்சிபுரத்தில் என் பெயர் எழுதிய லாரிக்கு பஸ்காரன் ஒதுங்கி வழிவிடுகிறான் என்றால், அது யாரும் போட்ட பிச்சை இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் அந்த அட்டைச் சரத்தைப் பற்றிச் சொல்வேன். இல்லாவிட்டால் நீங்களும் என் மருமகனைப்போல விஷயத்தைத் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள்.

அந்தச் சரம் என் ஆபீசில் மேசைக்கு எதிரே ஆணியில் தொங்குகிறது. பட்டுச் சேலையில் பூ விழுவதற்காகத் தறியின் தலைக்குமேல் சுற்றுமே, துளை போட்ட ஜக்கார்டு அட்டை, அதை வெட்டிக் கோத்தது. இந்த அட்டைகளின் துளைகளைச் சேர்த்துப் பார்த்தால் சாலைக் குறிகள் தெரியும். பள்ளிக்கூடம், ரயில்வே கேட், குறுகிய பாலம், இடப்பக்க வளைவு, வலப்பக்க வளைவு என்று மொத்தம் இருபத்திரண்டு. துளை அடித்துக் கொடுத்தவர் நான் கிளீனராக இருந்த லாரி ஷெட்டின் ரைட்டர். காலையில் தன் வீட்டில் நெசவாளிகளுக்கு அட்டை அடிப்பார். பத்து மணிக்கு ஷெட்டுக்கு வந்து லோடு எழுதுவார். வெற்றிலை போடமாட்டார், சிரிக்கமாட்டார். அப்படிப்பட்ட ஆளை நான் இன்றைக்கும் நம்புவதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுக்குக் கொஞ்சம் முன்னால் நடந்த கதை இது. எங்கள் பழைய டிரைவர் பங்குனி உத்திரத்தோடு வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டார். "உத்திரத்துக்குள்ள எவன் லைசென்ஸ் எடுத்தாறானோ அவனுக்குத்தான் வண்டி" என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார். போட்டிக்கு இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் ரைட்டரின் மச்சான், அவர் தங்கையின் வீட்டுக்காரர்; எங்களிடமே லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர். எங்கள் இருவருடைய காகிதங்களையும் எழுதவேண்டியவர் ரைட்டர். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்தமாதிரி இருந்தது எனக்கு.

லாரி ஓட்ட இருபது வயது முடிந்திருக்கவேண்டும். எனக்கு வயது சொல்ல ஒரு காகிதமும் கிடையாது. ரைட்டர் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி மனு எழுதி, தாலுகா ஆபீசில் மூன்று நாள் உட்கார்ந்து, எங்கள் ஊர்ப் பிறப்புப் பதிவைத் தேடிப் பிடித்தார். அதில் என் அப்பா பெயரில் இரண்டு வரிகள் இருந்தன. இரண்டிலும் பிள்ளைக்குப் பெயர் இல்லை. 'ஆண் குழந்தை' என்று மட்டும் எழுதியிருந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்ததும் ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்திடம் போய்ச் சொல்வார்கள். அப்புறம் பெயர் வைத்தால் அதைச் சொல்ல யாரும் திரும்பிப் போகமாட்டார்கள். முதல் வரி எனக்கு முன்னால் பிறந்து எட்டாம் மாதம் செத்துப்போன அண்ணன். இரண்டாவது நான். முதல் வரியின்படி எனக்கு வயது இருபத்திரண்டு. இரண்டாவதன்படி மாசியில்தான் இருபது முடியும்.

"மேல் வரியையே போட்டுடு, நாளைக்கே பரீட்சைக்குப் போயிடுவேன்" என்றேன்.

"ரெண்டு வயசு கூட்டினா ரெண்டு வருசம் முன்னாடியே கிழவனாயிடுவேபா" என்று சொல்லிவிட்டு, ரைட்டர் கீழ்வரியின் நகலை வாங்கினார். அதோடு விடவில்லை. அண்ணனின் இறப்புப் பதிவு நகலையும் தேடி எடுத்து, என் நகலுக்குப் பின்னால் குண்டூசி குத்தினார். உயிரோடு இருப்பவன் காகிதத்தில் செத்தவன் காகிதத்தைச் சேர்த்துக் குத்துகிறவன் எதற்காகக் குத்துவான்? மாசிவரை என்னைக் காக்கவைத்து, அதற்குள் மச்சானை முந்தவைக்கத்தான் என்று முடிவு கட்டினேன். ஆனால் மச்சானின் மனுவும் நகரவில்லை. கேட்டால், "அவன் காகிதம் எங்கியோ மாட்டிக்கினு இருக்குது" என்பார். அதையும் நாடகம் என்றுதான் நினைத்தேன்.

லைசென்ஸ் ஆபீசுக்கு அப்போது வந்திருந்த இன்ஸ்பெக்டர் வாயால் கேட்பதோடு நிறுத்தமாட்டார்; படத்தைக் காட்டி, அர்த்தத்தைத் தாளில் எழுதச் சொல்வார். அதற்காகத்தான் ரைட்டர் அந்த அட்டைகளை அடித்தார். "உன் கிரீஸ் கைக்கு மை நிக்காதுபா, ஓட்டை நிக்கும்" என்று கொடுத்தார். நான்தான் மீந்த நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். லோடு இறங்கும் நேரமெல்லாம் லாரியின் பின்கதவில் சாக்கட்டியால் எழுதிப் பழகினேன். 'குறுகிய பாலம்' எழுத எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. யார் சொல்லிக்கொடுத்தது? யாருமில்லை. எழுதுவேன், அழிப்பேன், மறுபடி எழுதுவேன்.

வழியில் நிற்கும் பலகைகளோடு ஒவ்வொரு அட்டையையும் ஒத்துப் பார்த்தேன். தப்பாக அடித்திருப்பார் என்று எனக்குள் ஒரு அரிப்பு. வாலாஜாபாத் போகும் வழியில் ஒரு வளைவில் அகப்பட்டது. பலகை வலப்பக்கம் வளைகிறது. என் சரத்தில் பன்னிரண்டாவதும் இடம், பதின்மூன்றாவதும் இடம். வலப்பக்க வளைவே இல்லை! அன்று மாலை ஷெட்டில் முதலாளி இருக்கும்போதே சரத்தைக் கழற்றி ரைட்டரின் மேசைமேல் எறிந்தேன்.

"பாருங்க மொதலாளி! மச்சான் பாஸாகணும்னு எனக்குப் பொய்யா அடிச்சுக் குடுத்திருக்கிறாரு. ரெண்டும் ஒரே பக்கம் வளையுது!"

மச்சான் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். ரைட்டர் சரத்தை எடுத்தார். சரத்தின் முடிச்சை அவிழ்த்தார். பதின்மூன்றாவது அட்டையை மட்டும் உருவினார், முன்பின்னாகத் திருப்பினார், மறுபடி கோத்தார். அது வலப்பக்கம் வளைந்தது.

"ஓட்டைக்கு முன்பக்கம் பின்பக்கம் கெடையாதுபா. கோத்தவன் நீ."

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "தறிக்காரன் ஊர்ல இருந்துக்கினு அட்டை கோக்கத் தெரியலியேடா!" என்றார். "இவன் நெய்ஞ்சா மயிலு தலைகீழா நிக்கும்" என்று லோடுமேன்களும் சேர்ந்துகொண்டார்கள். ரைட்டர் மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்குச் சந்தேகம் குறைந்திருக்கும்.

மாசி முடிந்து பரீட்சைக்குப் போனேன். காகிதம் பார்த்த குமாஸ்தா கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, "பேரே இல்லியே, ஆண் குழந்தைன்னு இருக்குது. அது நீதான்னு எப்படி நம்பறது? வேற புள்ள இருந்தா?" என்றார். அவர் தாளைத் திருப்பினார். பின்னால் குண்டூசியில் அண்ணன் இருந்தான். பிறந்தது, இறந்தது இரண்டும் அதில் இருந்தன. இரண்டு பிள்ளைகளில் ஒருவன் போய்விட்டான் என்றால் மிச்சம் நான்தானே. குமாஸ்தா தலையாட்டி முத்திரை குத்தினார். உள்ளே இன்ஸ்பெக்டர் காட்டிய ஐந்து படங்களில் மூன்றாவது, வலப்பக்க வளைவு. எழுதினேன். உத்திரத்துக்கு நாலு நாள் முன்னால் லைசென்ஸ் கைக்கு வந்தது, வண்டியும் வந்தது.

அப்புறமும் எனக்கு மனசு ஆறவில்லை. சொந்த மச்சானை விட்டுவிட்டு ஒருவன் எனக்கு ஏன் செய்யவேண்டும்? சில வருடம் கழித்து, என் கல்யாணப் பத்திரிகை வைக்க ரைட்டரின் தங்கை வீட்டுக்குப் போனேன். விளக்கு வைக்கிற நேரம். மச்சான் சுவரைத் தடவிக்கொண்டே வாசலுக்கு வந்தார். எதிரில் நிற்கிற என்னைப் பார்த்து, "யாருபா அது?" என்றார். பத்திரிகையை நீட்டினேன், அவர் கை பத்திரிகைக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தது. உள்ளேயிருந்து அந்த அம்மா ஓடி வந்து வாங்கிக்கொண்டார். மாலைக்கண்; ஷெட்டில் என்னோடு இருந்த நாளிலேயே உண்டாம். வெளியே தெரிந்தால் லோடு வேலைகூடப் போய்விடும் என்று விஷயத்தை வீட்டோடு வைத்திருந்தார்கள். அந்த மச்சானின் மனு எங்கே மாட்டிக்கொண்டிருந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. ரைட்டரின் மேசைக்குள்தான்.

ஆகவே, அவர் செய்தது தங்கையின் தாலிக்காக. எனக்காக இல்லை. எங்கள் கம்பெனியின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கு என் மருமகன் எழுதி வைத்திருக்கிறார், 'ரைட்டரின் கருணையால் உயர்ந்தவர்' என்று. அடித்து எழுதச் சொல்லிவிட்டேன். காகிதம் தேடியது ரைட்டர், அட்டை அடித்தது ரைட்டர். தாராளமாகப் போடுங்கள், பெரிய எழுத்திலேயே போடுங்கள். லாரிக் கதவில் எழுதி அழித்தது நான். எதிரே தொங்குகிறதே, அந்தச் சரத்தைக் கோத்ததும் நான். பதின்மூன்றாவது அட்டையைத் தப்பாகக் கோத்து, ஒரு நல்ல மனிதரை நாலு பேர் முன்னால் திருடனாக்கியதும் நான்தான். அதையும் விடாமல் என் பெயரிலேயே போடவேண்டும்.