தூக்குச்சட்டி இருந்தால் உள்ளே விடுவார்கள்

அறுபதுகளின் கடைசியில் காரைக்குடி ஆஸ்பத்திரி ஒன்றில் குழந்தைகள் வார்டு நர்சாக இருந்தேன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். குவார்ட்டர்ஸில் ஓர் அறை, ஒரு ஸ்டவ், பேச ஆளில்லாத சாயங்காலங்கள். வார்டில் நாள் முழுக்கக் கத்துவேன். அறைக்கு வந்தால் வாய் திறக்க வேலையிருக்காது.

நோயாளிகளுக்கு வீட்டுச் சாப்பாடுதான். அதனால் வாசலில் வாட்ச்மேன் வைத்ததே சட்டம்: கையில் தூக்குச்சட்டி இருந்தால் எந்நேரமும் உள்ளே போகலாம், வெறுங்கையென்றால் சாயங்காலம் வரை வெளியே நிற்க வேண்டும். யார், என்ன உறவு என்று யாரும் கேட்பதில்லை. சோறு கொண்டுவருபவர் சொந்தக்காரர்தானே என்று நானும் நினைத்திருந்தேன்.

பத்து வயதுப் பெண் ஒருத்தியை முதுகெல்லாம் வெந்துபோய்க் கொண்டுவந்து சேர்த்தார்கள். மத்தியானந்தோறும் ஒருவர் தூக்குச்சட்டியோடு வருவார். மாமா முறையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். "வெந்நிய தானாக் கொட்டிக்கிருச்சு" என்றார். தானாகக் கொட்டினால் முதுகிலா கொட்டும்? அவர் இருக்கும்வரை அவள் சுவரைப் பார்த்தே படுத்திருப்பாள். சட்டியைத் திறக்கவே மாட்டாள். நான் பாலில் நனைத்துக் கொடுத்த ரொட்டியை மட்டும் தின்றாள்.

புண் ஆறிவரும்போது, கூட்டிப்போகிறேன் என்று வந்து நின்றார். அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அங்குட்டு விட்டுறாதீக நர்சம்மா. மறுபடியும் ஊத்துவாக."

அவளைக் கேட்டபோதுதான் தெரிந்தது, அவர் மாமாவும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் வேலைக்கு நின்ற வீட்டுக் கணக்கப்பிள்ளை. பெற்றவள் வந்தால்தான் அனுப்புவேன் என்றேன்.

"வெளியூருப் பொண்ணு, பெரிய வீட்டோட மல்லுக்கு நிக்கிறீக" என்றார் சிரித்துக்கொண்டே.

பயமாகத்தான் இருந்தது. எனக்காகப் பேச அந்த ஊரில் ஓர் ஆள் கிடையாது. டாக்டர் மறுநாள் மத்தியானம்வரை தவணை கொடுத்தார். அவள் ஊரான அமராவதிபுதூருக்குப் போகும் பஸ் கண்டக்டரிடம் தாய்க்குச் சேதி சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் மத்தியானம் தாயைக் காணவில்லை. கணக்கப்பிள்ளை வழக்கம்போல் சட்டியோடு உள்ளே வந்து கட்டிலருகே உட்கார்ந்துவிட்டார். மனசு கேட்காமல் வாசலுக்கு ஓடினேன். வெளியே வேப்பமரத்தடியில், சேலையெல்லாம் சேறாக ஒருத்தி நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"வெறுங்கைய வீசிக்கிட்டு வந்தா எப்புடி விடுறது?" என்றார் வாட்ச்மேன்.

"சேதி கேட்டதும் நாத்த அப்புடியே போட்டுட்டு ஓடியாந்தேன் தாயி. காலையிலருந்து நிக்கிறேன்."

வாட்ச்மேனை நான் திட்டிய திட்டு வார்டுவரை கேட்டிருக்கும். தாயை உள்ளே கூட்டிப்போனேன். தாயின் குரல் கேட்டதும் சுவரைப் பார்த்துக் கிடந்தவள் திரும்பினாள். "ஆத்தா!" கணக்கப்பிள்ளை சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கிளம்பும்போது தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஒங்களுக்கு யாரு தாயி சோறு கொண்டாருவாக?"

நானே பொங்கிக்கொள்வேன் என்றேன். அவர்கள் பஸ்ஸுக்குப் போனார்கள். அன்று சாயங்காலம் எனக்கு மட்டுமாகப் பொங்க மனசு வராமல், ஸ்டவ்வைப் பற்றவைக்கவே இல்லை.