முத்திரை என்னுடையது

ஆம்பூரில் இருந்துகொண்டு லெந்து என்கிற தவக்காலம் நாற்பது நாளும் பிரியாணி தொடாமல் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கம்பெனி விட்டு வீட்டுக்கு நடக்கிற வழியில் மட்டும் மூன்று கடை. பதினோரு வருடமாக மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டியிருக்கிறேன். அதைத்தான் என் சிலுவை என்று நினைத்திருந்தேன். சபையில் நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி சொல்லியும் கொள்வேன். கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவள்தான்.

ஷூ கம்பெனியில் நான் செக்கர். இடது காலுக்கும் வலது காலுக்கும் ஒரே தோலில் வெட்டிய துண்டுகள்தான் சேர வேண்டும். தோல் மாறினால் நிறம் துளி மாறும், டியூப்லைட்டில் அது தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில் ஜோடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் முத்திரை குத்த வேண்டும். போன வருடம் லெந்தில் ஒரு சாயங்காலம், ஜன்னல் வரை நடக்காமலே ஒரு லாட் முழுவதற்கும் குத்திவிட்டேன். உபவாச ஜெபத்துக்கு நேரமாகிவிட்டதாம் எனக்கு.

இரண்டு நாளில், வெள்ளிக்கிழமை, அந்த லாட் பிடிபட்டது. ஒரு கால் பழுப்பு, மறு கால் கொஞ்சம் வெளிர். மேனேஜர் கேட்டபோது, நான் பார்க்கையில் சரியாகத்தான் இருந்தது என்று கூசாமல் பொய் சொன்னேன். அடுத்த மாதம் எனக்கு சூப்பர்வைசர் வேலை என்று பேச்சு இருந்த நேரம். அப்படியானால் ஜோடி கட்டுகிற பெண்தான் பிறகு கலந்திருப்பாள் என்று முடிவானது. அவள் நாட்றம்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகள். திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்கால ஜெபத்தில் போதகர் சிலுவை சுமப்பதைப் பற்றிப் பேசினார். எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது நான். சொன்ன கையோடு அந்தப் பெண்ணின் ஞாபகம் வந்தது. இத்தனை வருடமும் ஷூ மாதிரி என் காலுக்கு நானே அளவெடுத்துச் செய்த சிலுவையைத்தான் சுமந்திருக்கிறேன், அது கடிக்கவே கடிக்காது. ஆண்டவரோ செய்யாத தப்புக்குத் தண்டனையை வாங்கிக்கொண்டார். நான் செய்த தப்புக்கே வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறேன். அவமானத்தில் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை மேனேஜர் அறைக்குப் போனேன். ஜன்னலுக்குப் போகாமல் குத்தியது நான், கேட்டபோது பொய்யும் சொன்னேன் என்றேன்.

"உன்ன யாரும் சந்தேகப்படலயேம்மா. ஏன் வந்து சொல்ற?" என்றார்.

"யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னுதான் சார் நேத்து சும்மா இருந்துட்டேன். இன்னிக்கு முடியல."

சூப்பர்வைசர் பேச்சு அத்தோடு முடிந்தது. செக்கர் வேலையும் போய், எனக்குத் தையல் மிஷின். அவளை வேலையில் இருக்கச் சொன்னார். நான் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் உடனே மன்னித்துவிடவில்லை.

"பஸ்ஸுல அழுதுகினே போனேன்க்கா. புள்ளைங்க கிட்ட இன்னா சொல்றதுன்னு தெர்ல," என்றாள்.

திங்கட்கிழமை நான் மிஷினில் உட்கார்ந்தபோது கூடமே திரும்பிப் பார்த்தது. பாவம், இறக்கிவிட்டார்கள் என்று உச்சுக் கொட்டினார்கள். எனக்கோ உள்ளே ஒரே கொண்டாட்டம். பதினோரு வருட உபவாசத்தில் வராத சந்தோஷம் அது. சபையில் பாடும் பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டே நாள் முழுக்கத் தைத்தேன்.

சாயங்காலம் கம்பெனி பஸ் கிளம்பும்போது அவள் ஜன்னலில் தலையை நீட்டி என்னைத் தேடினாள்.

"நாளைக்கு வர்றேன்க்கா," என்றாள்.