எனக்காக மூன்று இடம் ஏறி இறங்கிய சலீம் பாய்

சலீம் பாய் இறந்துவிட்டார். இன்று காலை நெஞ்சுவலி... ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

என் ஃப்ரெண்ட்ஸில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. அலங்காநல்லூர் ரூட்டில் நான் ஓட்டும் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர். பதினொரு வருஷம் ஒரே வண்டி, நான் ஸ்டியரிங், அவர் விசில்.

இன்றைக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் மனைவியையும் சலீம் பாயையும் தவிர யாருக்கும் தெரியாது என்றுதான் இன்றுவரை நினைத்திருந்தேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆக்சிடென்ட். ரோட்டில் காயப்போட்டிருந்த வைக்கோலில் டூவீலர் வழுக்கி, ஓட்டிவந்தவர் என் பஸ்ஸின் முன்சக்கரத்துக்கு நேராக விழுந்தார். அந்த இடத்திலேயே போய்விட்டார்.

என் மேல் தப்பில்லை என்று போலீஸே எழுதியது. கேஸ் முடிந்துவிட்டது... எனக்கு முடியவில்லை.

இடது பக்கம் ஒரு பைக் வந்தாலே கால் தானாக பிரேக்குக்குப் போகும். சட்டை நனைந்துவிடும். சோறு இறங்காது. பிள்ளைகள் சத்தமாகச் சிரித்தால்கூட எரிந்து விழுவேன். ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த வண்டியைப் பாதி ரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விட்டேன்.

வீட்டில் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டினார்கள். சலீம் பாய் தன் பங்குக்குக் கோரிப்பாளையம் தர்காவில் ஓதி ஊதவைத்தார். "அதுவும் பாப்போம் மாப்ள, வேற வழியும் பாப்போம்" என்றார்.

வேற வழி என்றால் என்ன என்று எனக்குப் புரியவில்லை. டாக்டர் என்றார். "நான் என்ன பைத்தியமா பாய்?" என்று சண்டை போட்டேன்.

அவர் லீவு போட்டுவிட்டு, எனக்கு வந்ததையெல்லாம் தனக்கு வந்ததாகச் சொல்லி, தானே போய் ஒவ்வொரு இடமாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்!

"மொத ஆளு பேரக் கேட்டாரு, சீட்டு எழுதிட்டாரு. என் மூஞ்சிய நிமிந்தே பாக்கல. நாம டிக்கெட் கிழிக்கையிலகூட மூஞ்சியப் பாக்குறோம் மாப்ள..."

"ரெண்டாவது ஆளு?"

"அவரு ஒரு மணிநேரம் அவரே பேசுனாரு. எனக்குக் கொட்டாவி வந்துருச்சு."

மூன்றாவது, வண்டியூர் தெப்பக்குளம் பக்கம் ஒரு மாடியில், மனசுக்குக் கவுன்சிலிங் கொடுக்கிற ஒரு கவுன்சிலர் அம்மா. "அந்தம்மா சும்மா உக்காந்திருந்துச்சு மாப்ள. நான் பேசுற வரைக்கும் அவசரப்படவே இல்ல. இங்கதான் போறோம்."

அதோடு இன்னொன்றும் பார்த்து வைத்திருந்தார். "அதே மாடில பல் டாக்டரும் இருக்காரு. எவனாச்சும் பாத்தா பல்லுவலின்னு சொல்லிக்க."

முதல் வாரம் நான் படியே ஏறவில்லை. தெப்பக்குளத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னைக்கு சும்மா எடத்த மட்டும் பாத்துட்டுப் போவோம்" என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் பாதிப் படி. அதற்கடுத்த வாரம் உள்ளே.

செவ்வாய்க்கிழமைதோறும் போனேன். அந்த அம்மா சொல்லி, மாத்திரைக்கு ஒரு டாக்டரையும் பார்த்தேன். நான் வெளியே வரும்வரை பாய் கீழே காத்திருப்பார். என்ன பேசினாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "சாப்பிட்டியா, தூங்குனியா" அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் "இன்னும் எத்தன பல்லுடா பாக்கி?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். பாயும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

எட்டு மாசம் கழித்துத் திரும்ப ஸ்டியரிங் பிடித்தேன். அன்றைக்கு மாட்டுவண்டி வேகம். பின்னால் இருந்து யாரோ கத்தினார்கள். "இருக்கட்டும்ணே, கொஞ்சம் பொறுங்க, கொண்டுபோய் விட்டுருவோம்" என்று பாய் ஒவ்வொரு சீட்டாகப் போய்ச் சொன்னார்.

இன்று மதியம் கோரிப்பாளையத்தில் அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் மகள் ரிஸ்வானா வந்தது. அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே... அந்த தெப்பக்குளத்து அம்மாவுக்கு நீங்கதான் சொல்லணும். அத்தாவும் அங்க போய்ட்டிருந்தாங்கள்ல."

"எனக்காக ஒரு வாட்டி போனாரும்மா..."

"ஒரு வாட்டி இல்லண்ணே. ஒரு வருஷம் போனாங்க. நீங்க செவ்வாக்கெழம, அத்தா சனிக்கெழம. ஒங்களுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவீங்கன்னு சொல்லவேணாம்னாங்க."



ஆக்சிடென்ட் அன்றைக்கு நான் சீட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை. முதலில் குதித்து இறங்கியவர் பாய்தான். ரோட்டில் உட்கார்ந்து அந்த மனிதரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே இருந்தார்.

எனக்காகப் பொய் சொல்லப் போன இடத்தில் அவர் என்ன சொன்னாரோ... எந்த இடத்தில் அது அவருடைய கதையாக மாறியதோ...

அத்தனை செவ்வாய்க்கிழமை. ஒருநாள்கூட நான் திருப்பி, "நீங்க எப்படி இருக்கீங்க பாய்" என்று கேட்கவில்லை.

இதை எழுதலாமா என்று ரிஸ்வானாவிடம் கேட்டேன். "எழுதுங்கண்ணே. அத்தா இதுக்கெல்லாம் வெக்கப்பட மாட்டாங்க" என்றது.

அந்தக் கவுன்சிலர் அம்மாவுக்கு நான்தான் போன் செய்தேன். செய்தியைச் சொன்னதும் "நீங்க இப்ப யாரு கூட இருக்கீங்க?" என்று கேட்டார்.

சாயங்காலம் மையவாடியில் அவரை அடக்கம் செய்தபோது நானும் மூன்று கை மண் போட்டேன். எல்லோரும் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

வாரேன் பாய்.